பழைய ஸ்போர்ட்ஸ் கார்: கன்வெர்டிபிளா, கூபேயா? சம்பளக்காரர் போட வேண்டிய கணக்கு

வேலைக்குச் சேர்ந்து அஞ்சாறு வருஷம் ஆச்சு. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கு. யூஸ்டு கார் ஆப்பைத் திறந்தா, புதுசா அறுபது எழுபது லட்சத்துக்கு வித்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், இப்போ ஒரு நல்ல எஸ்யூவி விலைக்கு நிக்குது. "இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டியா!"ன்னு மனசு துள்ளும். அடுத்த கேள்வி உடனே வரும்: மேற்கூரை திறக்கிற கன்வெர்டிபிள் எடுக்கலாமா, கூரை நிரந்தரமா இருக்கிற கூபே எடுக்கலாமா?

யூடியூப்ல இதுக்கு ஆயிரம் பதில் இருக்கு. ஆனா எல்லாம் ஓட்டுற சுகத்தைப் பத்தினது. மாசச் சம்பளம் வாங்குறவருக்கு அந்தக் கூரை எவ்வளவு செலவு வைக்கும்னு யாரும் கணக்குப் போட்டுக் காட்டுறதில்லை. அதைத்தான் இன்னிக்குப் பாக்கப்போறோம்.

முதல்ல வண்டியைப் புரிஞ்சுக்கலாம்

நம்ம ஊர் யூஸ்டு மார்க்கெட்டில் கண்ணில் படுற இரண்டு வண்டியை உதாரணமா எடுத்துக்கலாம். கன்வெர்டிபிள் பக்கம் பிஎம்டபிள்யூ இசட்4. குறிப்பா 2009 முதல் 2016 வரை தயாரான இரண்டாம் தலைமுறை. கூபே பக்கம் ஆடி டிடி. 2015-ல் இந்தியாவுக்கு வந்த மூன்றாம் தலைமுறை.

அந்த இசட்4-ல் துணிக் கூரை கிடையாது. அலுமினியக் கூரை இரண்டாக மடிந்து டிக்கிக்குள் போய் உட்காரும். பட்டனை அழுத்தினா சுமார் 20 நொடியில் வேலை முடிஞ்சிடும். பாக்கறதுக்கே ஒரு மேஜிக் மாதிரி இருக்கும். இந்தியாவில் வித்த 35ஐ மாடலில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ என்ஜின். 306 குதிரைத்திறன்.

டிடி கூபேயில் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 230 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற குவாட்ரோ. பின்னாடி இரண்டு சின்ன சீட்டும் உண்டு. பெரியவங்க உட்கார முடியாது. ஆனா லேப்டாப் பை, குழந்தை, அவசரத்துக்கு ஒரு மளிகைப் பை, எல்லாம் போகும்.

டிக்கியைப் பாருங்க. டிடியில் 305 லிட்டர். இசட்4-ல் கூரை மூடியிருந்தா 310 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட சமம். கூரையைத் திறந்தா அது மடிஞ்சு வந்து இடத்தைப் பிடிச்சுக்கும், மிச்சம் 180 லிட்டர். இரண்டு பேர் இரண்டு பெட்டியோட பாண்டிச்சேரி கிளம்பினா, கூரையா பெட்டியான்னு வீட்டு வாசல்லயே பஞ்சாயத்து.

கூரையை வெட்டினா என்ன ஆகும்?

காரோட கூரை மழைக்கு மட்டும் இல்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைச்சு முழு உடம்பையும் முறுக்கிக்காம பிடிச்சு வைக்கிறதும் அதுதான். மூடி போட்ட அட்டைப்பெட்டியை முறுக்கிப் பாருங்க, அசையாது. மூடியைக் கிழிச்சுட்டு முறுக்குங்க, வளையும். அதனாலதான் கன்வெர்டிபிளுக்கு அடித்தளத்தில் கூடுதல் இரும்பு சேர்த்து வலுப்படுத்துவாங்க. எடை ஏறும். கூடவே கூரையை மடக்குற மோட்டார், ஹைட்ராலிக் பம்ப், சென்சார், பூட்டு, ரப்பர் பீடிங். ஒவ்வொண்ணும் ஒரு பாகம். ஒவ்வொரு பாகமும் ஒருநாள் செலவு.

கம்பெனிகளுக்கே இது தெரியும். 2018-ல் அறிமுகமான அடுத்த இசட்4-ல் பிஎம்டபிள்யூ மடியும் உலோகக் கூரையை விட்டுட்டு மறுபடி துணிக் கூரைக்கே போயிடுச்சு. துணியில எடையும் குறைவு, இடமும் குறைவு.

விலை விஷயத்திலும் ஒரு சுவாரஸ்யம். போர்ஷேயில் பாக்ஸ்டர் கூரை திறக்கும், கேமன் அதோட கூபே சகோதரன். ரொம்ப காலம் கேமன்தான் விலை அதிகம். 2016-ல் 718 வரிசை வந்தப்போ தலைகீழாச்சு. கேமன் விலை பாக்ஸ்டரை விடக் கீழே வந்துச்சு. ஷோரூமில் கூரைக்கு வைக்கிற விலை மார்க்கெட்டிங் முடிவு. நம்ம பார்க்க வேண்டியது வாங்கின பிறகு அந்தக் கூரை மாசாமாசம் கேட்கிற விலையை.

இன்சூரன்ஸ் இருக்கே, என்ன கவலை?

இங்கதான் நிறைய பேர் கவனிக்காம விடுறாங்க. நம்ம வழக்கமான காம்ப்ரிஹென்சிவ் பாலிசி விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் மாதிரி விஷயங்களுக்குத்தான். தேய்மானம், மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் கோளாறு அதில் வராது. கூரை பாதியில் நின்னுடுச்சா? ஹைட்ராலிக் பம்ப் போயிடுச்சா? பீடிங் காய்ஞ்சு தண்ணி உள்ளே வருதா? எல்லாம் உங்க பாக்கெட்.

சரி, விபத்திலேயே கூரை சேதமானா? அப்பவும் முழுசா கிடைக்காது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிச்சுத்தான் கொடுப்பாங்க. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயசைப் பொறுத்துக் கழிவு. இந்தக் கழிவு இல்லாம இருக்க ஜீரோ டெப் கவர் எடுக்கணும். பழைய வண்டிக்கு அதைப் பல கம்பெனிகள் தருவதில்லை. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டின்னா ஐடிவி தொகைக்கே நிலையான அட்டவணை கிடையாது, இன்சூரன்ஸ் கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு பண்ணணும். கம்மி ஐடிவி வச்சு பிரீமியத்தைக் குறைக்கிறேன்னு போனீங்கன்னா, வண்டி திருடு போனா அந்தக் கம்மித் தொகைதான் கைக்கு வரும்.

இன்னொண்ணு: பழைய ஓனர் சேர்த்து வச்ச நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அது வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். அதனால "பிரீமியம் வெறும் இவ்வளவுதான் சார்"னு விக்கிறவர் காட்டுற பழைய ரசீதை நம்பி பட்ஜெட் போடாதீங்க. உங்க பேர்ல புதுசா கொட்டேஷன் வாங்குங்க.

இப்போ கணக்கு

இரண்டு வண்டியும் ஒரே விலை, 25 லட்சம்னு வச்சுக்கலாம். இது உதாரணத்துக்கு மட்டும். உங்க வண்டிக்கான நிஜத் தொகையை இதே வரிசையில் போட்டுப் பாருங்க.

கையில் இருக்கிற 10 லட்சம் டவுன் பேமென்ட். மிச்சம் 15 லட்சம் யூஸ்டு கார் லோன், 13 சதவீத வட்டி, 5 வருஷம்.

- இஎம்ஐ: மாசம் சுமார் ₹34,130
- 5 வருஷத்தில் கட்டும் மொத்தம்: சுமார் ₹20.48 லட்சம் (வட்டி மட்டும் ₹5.48 லட்சம்)

வருஷச் செலவு, தோராயமா:

- இன்சூரன்ஸ்: ₹70,000
- சர்வீஸ், ரிப்பேர்: ₹1,20,000
- டயர் (மூணு வருஷத்துக்கு ஒரு செட், பங்கு பிரிச்சா): ₹40,000
- பெட்ரோல் (6,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 கிலோமீட்டர், லிட்டர் ₹100): ₹75,000

கூட்டினா வருஷத்துக்கு ₹3,05,000. மாசம் சுமார் ₹25,400. இஎம்ஐ சேர்த்தா மாசம் ₹59,500. இது கூபேக்கு.

கன்வெர்டிபிளுக்கு இதுக்கு மேல ஒரு "கூரை நிதி" தேவை. கூரை ஒழுங்கா இருக்கும்போதே மாசம் ₹5,000 ஒதுக்கி வைக்கணும். ஏன்னா அந்தச் செலவு மாசாமாசம் வராது. மூணு வருஷம் ஒண்ணுமே இருக்காது, நாலாவது வருஷம் மொத்தமா ஒரே பில்லில் வரும். சம்பளக்காரருக்கு ஆபத்து செலவோட அளவு மட்டும் இல்லை, அது எப்போ வரும்னு தெரியாததும்தான். அந்த மாசம் கிரெடிட் கார்டைத் தேய்ச்சா, அங்கிருந்து கடன் சங்கிலி ஆரம்பிக்கும்.

ஆக கன்வெர்டிபிள்: மாசம் ₹64,500.

5 வருஷம் கழிச்சு 12 லட்சத்துக்கு வித்தீங்கன்னு வைப்போம். கூபேக்கு நீங்க போட்டது டவுன் பேமென்ட் 10 லட்சம், இஎம்ஐ 20.48 லட்சம், ஓட்டுற செலவு 15.25 லட்சம், மொத்தம் ₹45.73 லட்சம். விற்ற 12 லட்சம் கழிச்சா ₹33.73 லட்சம். 30,000 கிலோமீட்டருக்கு இவ்வளவு. அதாவது கிலோமீட்டருக்கு ₹112! கூரை நிதி முழுசும் செலவானா கன்வெர்டிபிளுக்கு ₹122.

மாசம் 1.2 லட்சம் கையில் வாங்குறவருக்கு இது பாதிச் சம்பளம். கார் வாங்க 20-4-10 விதி ஒண்ணு சொல்லுவாங்க: 20 சதவீதம் டவுன் பேமென்ட், அதிகபட்சம் 4 வருஷ லோன், காருக்கான மொத்தச் செலவு வருமானத்தில் 10 சதவீதத்துக்குள். அந்த விதிப்படி இந்தக் கூபேக்கே மாச வருமானம் கிட்டத்தட்ட 6 லட்சம் வேணும். 10 சதவீதம் ரொம்பக் கறார்னு 20-ஆ தளர்த்தினாலும் 3 லட்சம் வேணும்.

கூரை திறந்த ஒரு மணி நேரத்தின் விலை

கன்வெர்டிபிள் ஆசைக்கு ஒரு நேர்மையான டெஸ்ட் இருக்கு. வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையிலேயே கூரையைத் திறப்பீங்க?

சென்னையில் இருக்கீங்கன்னு வைங்க. மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை பகல்ல திறந்தா தலை வெந்துடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஓஎம்ஆர் டிராஃபிக்கில் லாரிப் புகைக்கும் தூசிக்கும் நடுவில் திறந்து வச்சிருக்க எந்த ஆசையும் தாங்காது. மிச்சம் இருக்கிறது விடியக்காலை ஈசிஆர், அப்புறம் ராத்திரி டிரைவ்.

வருஷத்தில் 26 வார இறுதி, ஒவ்வொண்ணுக்கும் 2 மணி நேரம்னா 52 மணி நேரம். கூரைக்கான கூடுதல் செலவு வருஷம் ₹60,000. ஒரு மணி நேரத்துக்கு சுமார் ₹1,150. "பரவாயில்லை, எனக்கு அது வொர்த்"னு தோணுதா? தாராளமா. அது உங்க காசு, உங்க சந்தோஷம். ஆனா நம்பரைப் பார்த்துட்டு சொல்லுங்க. கொடைக்கானல் பக்கமோ, கோவையிலோ, பெங்களூரிலோ இருக்கிறவங்களுக்கு இந்த மணிக்கணக்கு நிறையவே கூடும். அப்போ விலை இறங்கும்.

இன்னொரு விஷயம், பார்க்கிங். மேல கூரை இல்லாத இடத்தில், வேப்பமரத்தடியில் நிறுத்துற வண்டின்னா கன்வெர்டிபிளை மறந்துடுங்க. வெயிலில் பீடிங் காயும். இலைச் சருகு விழுந்து தண்ணி வடியிற ஓட்டையை அடைக்கும். வடிய வழியில்லாத தண்ணி கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கும். அங்கதான் பல வண்டிகளில் வயரிங்கும் கண்ட்ரோல் யூனிட்டும் இருக்கும்.

அப்போ கூபே எடுத்தா தப்பிச்சுடலாமா?

அப்படியும் இல்லைங்க. கூரை ஒரு தலைவலி, என்ஜினும் கியர்பாக்ஸும் பெரிய தலைவலி. டிடியில் இருக்கிற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாத்தணும். முந்தின ஓனர் மாத்தினாரான்னு பில் கேளுங்க. இசட்4 35ஐ-யோட இரட்டை டர்போ என்ஜினுக்கு ஹை பிரஷர் ஃப்யூவல் பம்ப், இன்ஜெக்டர், எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் ஆகியவை உலகம் முழுக்கப் பேர் போன பலவீனங்கள். மாத்திய பில் இருந்தா அது பிளஸ் பாயின்ட். "இதுவரை ஒண்ணுமே மாத்தலை சார், அவ்ளோ கண்டிஷன்"னு சொன்னா, மாத்தப்போறது நீங்கதான்னு அர்த்தம்.

சர்வீஸ் ஹிஸ்டரி இல்லாத கூபேயை விட, எல்லா பில்லும் உள்ள கன்வெர்டிபிள் மேல். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

பாக்கப் போகும்போது என்ன பண்ணணும்?

- கூரையை ஒரு தடவை இல்லை, அஞ்சாறு தடவை தொடர்ந்து திறந்து மூடுங்க. தயக்கம், கடகட சத்தம், பாதியில் நிக்கிறது, ஏதாவது ஒண்ணு இருந்தா விலை பேசுறதுக்கு முன்னாடி பம்ப், மோட்டாருக்குக் கொட்டேஷன் வாங்குங்க.
- வாட்டர் வாஷ் பண்ணச் சொல்லுங்க. பிறகு கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்க, டிக்கி அடியிலும் கை விட்டுப் பாருங்க. ஈரமோ, பூஞ்சை வாடையோ வந்தா கிளம்பிடுங்க.
- சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்க. சேறு படிஞ்ச கோடு இருந்தா வெள்ளத்தில் நின்ன வண்டியா இருக்கலாம். 2015, 2023 வெள்ளத்தைப் பார்த்த ஊர்ல இது சாதாரண செக் இல்லை.
- அந்த பிராண்டோட அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் முழு இன்ஸ்பெக்ஷன், ஸ்கேன் ரிப்போர்ட். இதுக்கு ஆகிற சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்காதீங்க. விக்கிறவர் மறுத்தா பதில் கிடைச்சுடுச்சு.
- பரிவாஹன் தளத்தில் ஆர்சி விவரம், எத்தனையாவது ஓனர், லோன் பாக்கி, அபராதம் எல்லாம் பாருங்க. லோன் இருந்தா வங்கியோட என்ஓசியும் படிவம் 35-ம் வேணும்.

பேப்பர் வேலையில் ஒளிஞ்சிருக்கிற செலவு

இந்த மாதிரி வண்டிகள் நிறைய டெல்லி, மும்பை, பெங்களூரு பதிவுல வரும். "இங்கத்த விலையை விட நாலு லட்சம் கம்மி"ன்னு சொல்லுவாங்க. ஆனா வேறு மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல வண்டியை வச்சிருந்தா மறுபதிவு கட்டாயம். அதுக்கு பழைய ஆர்டிஓவோட என்ஓசி, இங்க ஆயுட்கால வரி. வண்டியோட வயசுக்கு ஏத்த மாதிரி வரி குறையும், ஆனாலும் விலை உயர்ந்த கார்னா அது சின்னத் தொகையா இருக்காது. அந்த நாலு லட்சம் லாபத்தில் எவ்வளவு மிஞ்சும்னு ஆர்டிஓவில் கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுங்க.

2010, 2011 மாடலா? பதிவு 15 வருஷத்துக்குத்தான். அது முடிஞ்சா எஃப்சி எடுத்துப் புதுப்பிக்கணும். இவ்வளவு பழைய வண்டிக்குப் பல வங்கிகள் யூஸ்டு கார் லோனே தராது. உடனே "பர்சனல் லோன் போட்டுக்கலாம்"னு யோசிக்காதீங்க. வங்கி அடமானமா வச்சுக்கவே தயங்குற ஒரு பொருளுக்கு, இன்னும் அதிக வட்டியில் கடன் வாங்குறோம்னு அர்த்தம்.

டீலரிடம் 10 லட்சத்துக்கு மேல் விலையில் வாங்கினா 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பாங்க. ரசீதை வச்சுக்கோங்க, வருமான வரி தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம். தனி ஆளிடம் வாங்கினாலும் 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்குறது வருமான வரிச் சட்டப்படி தப்பு. எல்லாம் வங்கி வழியா போகட்டும். வண்டி உங்களுக்குக் கைமாறின 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் விண்ணப்பிச்சிடுங்க.

நம்ம தீர்ப்பு

வீட்டில் இது ஒரே கார்னா: கூபே. ஆபீஸ், ஊர், மழை, மளிகை எல்லாத்தையும் தாங்கும். கோளாறாகிற பாகமும் குறைவு.

ஏற்கெனவே ஒரு கார் இருக்கு, மூடிய பார்க்கிங் இருக்கு, ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம கூரை நிதியும் தனியா இருக்குன்னா: கன்வெர்டிபிள் வாங்கி அனுபவிங்க. குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

இரண்டும் இல்லையா? அப்போ இன்னும் மூணு வருஷம். சும்மா காத்திருக்கச் சொல்லலை. அந்த ₹34,000 இஎம்ஐயை வங்கிக்குக் கட்டாம உங்களுக்கே கட்டுங்க. மாசம் ₹34,000 ஆர்டி, 7 சதவீத வட்டியில் 36 மாசத்தில் சுமார் ₹13.6 லட்சம். கையில் இருக்கிற 10 லட்சம் எஃப்டியில் அதே வட்டிக்கு ₹12.25 லட்சம் ஆகும். இரண்டும் சேர்ந்தா ₹25.8 லட்சத்துக்கு மேல. வட்டிக்கு வரி போக கொஞ்சம் குறையும், ஆனா நீங்க குறி வச்ச அதே வண்டி அதுக்குள்ள இன்னும் மூணு வயசு ஏறி விலை இறங்கியிருக்கும். கடனே இல்லாம வாங்கலாம்.

இதுல இன்னொரு லாபம்: மாசம் ₹34,000 எடுத்து வைக்க முடியுதான்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். நாலாவது மாசமே ஆர்டி தவறுச்சுன்னா, அந்த இஎம்ஐயும் தவறியிருக்கும். ஆர்டி தவறினா சின்ன அபராதத்தோட போயிடும். இஎம்ஐ தவறினா சிபில் ஸ்கோர் அடிபடும், நாளைக்கு ஹோம் லோனுக்குப் போகும்போது அது முன்னாடி வந்து நிக்கும்.

அதுவரை ஆசை தாங்கலைன்னா ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்க. கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிற முறையான செல்ஃப் டிரைவ் வண்டியா பாருங்க. வெள்ளை பிளேட் சொந்த வண்டியைத் திருட்டுத்தனமா வாடகைக்கு விடுறவங்ககிட்ட போகாதீங்க. விபத்தானா இன்சூரன்ஸ் கைவிரிச்சிடும். ஒரு முழு நாள் ஓட்டினாலே, அந்த 52 மணி நேரக் கணக்கு உங்களுக்குப் பொருந்துமா இல்லையான்னு பாதி தெரிஞ்சுடும்.

உங்க வண்டியோட விலை, வட்டி, ஓட்டுற தூரம் எல்லாத்தையும் மேல சொன்ன வரிசையில் ஒரு பேப்பர்ல எழுதுங்க. கடைசி வரியில் வர மாசத் தொகையை உங்க சம்பளத்துக்குப் பக்கத்துல எழுதி, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து பாருங்க. காலையிலும் அது சரின்னு பட்டா, டெஸ்ட் டிரைவுக்குக் கிளம்புங்க. அடுத்த வீடியோவில் யூஸ்டு கார் லோன் வட்டியை எப்படிப் பேசிக் குறைக்கிறதுன்னு பாக்கலாம்.